மிளகுக் கொடி ஓடும் போர்வை
கைப்போக்குத் தையலில் புதியதோர் அலங்காரத்தைப் பழகும் முறை



பிழைப்பின் நிமித்தம் திருவனந்தபுரம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு தையல் இயந்திரத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் இரவிக்கையும் தைத்தது போக, மிச்சமான துணித் துண்டுகள் ஒரு பையில் சேர்ந்துகொண்டே இருக்கும். அத்துண்டுகளை இணைத்து அழகான மேல்விரிப்பு ஒன்றைத் தைத்து முடித்த சகோதரிகளும் உண்டு. ஆனால் அதனுடன் பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்து மேலே அலங்காரத் தையல் போடும் கட்டம் வந்தவுடன் பலருக்குக் கை தயங்குகிறது. பல மாதங்கள் பிரயாசப்பட்டு இணைத்ததை ஒரே பிற்பகலில் கெடுத்துவிடுவோமோ என்னும் அச்சமே காரணம். அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. அதைக் கடக்க ஒழுங்கான வழியும் உண்டு. அவ்வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

கைப்போக்குத் தையல் என்பது என்ன?

மேலே அலங்காரத் துணி, நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்துத் தைப்பதே குயில்ட் போர்வை. அவற்றுள் சோபாவின்மீதோ கட்டிலின் கால்மாட்டிலோ விரித்துப் போடும் சிறிய போர்வையை மேல்நாட்டார் 'த்ரோ' என்பர். ஏறத்தாழ 50 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் கொண்டது அது.

சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே உள்ள பற்கள் துணியை ஒரே நேராகப் பின்னுக்குத் தள்ளும்; பாதம் மேலிருந்து அழுத்தும். 'ஃப்ரீ மோஷன்' எனப்படும் கைப்போக்குத் தையலில் அப்பற்கள் இறக்கப்படுகின்றன. துணியை நகர்த்தும் பொறுப்பு முழுவதும் நம் இரு கைகளுக்கு வந்துவிடுகிறது. முன்னும் பின்னும், இடமும் வலமும், வட்டமாகவும் துணியை நகர்த்தலாம். எழுதுகோல் ஓரிடத்தில் நிற்க, காகிதத்தை நகர்த்திப் படம் வரைவதைப் போன்றது இது.

இதன் கடினம் ஒன்றே ஒன்றுதான். தையலின் நீளத்தை இப்போது இயந்திரம் தீர்மானிப்பதில்லை. கை வேகமாகவும் கால் மெதுவாகவும் சென்றால் தையல் நீண்டுவிடும். கால் விரைந்து கை தாமதித்தால் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் குவியும். கையும் காலும் ஒரே தாளத்தில் சேர்வதே இக்கலையின் முழு இரகசியம்.

நமக்கு முற்றிலும் புதியதன்று

பெயர் அந்நியமாக ஒலித்தாலும் வேலை நமக்கு அந்நியமானதன்று. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டத் தையலால் இணைத்துச் செய்யும் போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். நம்முடைய 'கந்தை' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்னும் போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டு துண்டாக வைத்துத் தைத்துக்கொண்டே நடுப்பகுதியை அடைகிறார்கள். முக்கோணமாக மடித்த சிறு துணிகளை நான்கு மூலைகளிலும் வைக்காமல் அவர்கள் போர்வையை முடிப்பதில்லை. பழந்துணியை எறியாமல் சூடும் அழகும் தரும் பொருளாக மாற்றும் வழக்கம் இந்த நாட்டில் வெகு காலமாகவே இருந்துவருகிறது.

இயந்திர முறையும் அவ்வாறே. நம் ஊர்த் தையல் பயிற்சி நிலையங்களில் 'மெஷின் எம்பிராய்டரி' கற்ற சகோதரிகள், பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியை வளையத்தில் இறுக்கி, கையால் நகர்த்திப் பூ வேலை செய்திருப்பார்கள். கைப்போக்குத் தையலின் அசைவும் அதுவே. வளையத்துக்குப் பதிலாக நம் இரு உள்ளங்கைகளே துணியை இறுக்கிப் பிடிக்கின்றன என்பது மட்டுமே வேறுபாடு.

"கையால் தைத்தால்தான் கலை, இயந்திரத்தில் தைத்தது மட்டம்" என்று சொல்வோர் எங்கும் உண்டு. அமெரிக்காவிலும் அந்த எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 1989ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் நடந்த அமெரிக்கக் குயில்ட் சங்கத்தின் போட்டியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் என்னும் பெண்மணி இயந்திரத்தால் தைத்த 'கொரோனா 2: சூரிய கிரகணம்' என்னும் போர்வை முதன்மைப் பரிசைப் பெற்றது. இயந்திரக் குயில்ட் ஒன்று அங்கே அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. அதன்பின் அந்தப் பழைய எண்ணம் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

துணியும் பஞ்சும்

புதிய அலங்காரம் ஒன்றைச் சோதிக்கச் சிறு போர்வையே தகுந்த இடம். பெரிய படுக்கைப் போர்வையின் பாரம் இயந்திரத்தின் கழுத்துக்குள் அடங்காது. கைகளும் விரைவில் சோர்ந்துபோகும். கைக்குட்டை அளவுத் துண்டிலோ, கை தாளத்தைப் பிடிப்பதற்குள் இடம் முடிந்துவிடும். சிறு போர்வை இரண்டுக்கும் நடுவானது.

திருவனந்தபுரத்தில் இருப்போருக்குத் துணிக்குக் குறைவில்லை. நகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பாலராமபுரம் கைத்தறிக்குப் பேர்போன ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்கள் அங்கே குழித்தறி அமைத்து நெய்யத் தொடங்கின. நம்மைப் போல் பிழைப்புக்காக இம்மண்ணுக்கு வந்தவர்களின் கைவேலை, இன்று கேரளத்தின் பெருமையாகப் புவிசார் குறியீடு பெற்று விளங்குகிறது. அந்த வெண்மையான பருத்தித் துணி குயில்ட் போர்வைக்கு மிகவும் ஏற்றது. நூலும் ஊசியும் அடித்துணியும் வாங்க, கிழக்குக் கோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெரு இருக்கிறது.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிப்புகள் அவசியம். முதலாவது, கைத்தறித் துணி நனைந்தால் சுருங்கும். ஆகையால் வெட்டுமுன் எல்லாத் துணியையும் நனைத்து, உலர்த்தி, தேய்த்துக்கொள்ள வேண்டும். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரே நிற வெறுந்துணியில் ஒவ்வொரு தையலும் பளிச்சென்று தெரியும். கை நன்றாகப் பழகியவருக்கு அது அழகு. புதிதாய்ப் பழகுகிறவருக்கோ சங்கடம். ஆகவே முதல் முயற்சியில் சிறு பூப்போட்ட துணியும், அதன் நிறத்தோடு கலந்துபோகும் நூலும் நலம். பாலராமபுரத்து வெள்ளைத் துணியை இரண்டாவது போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வைக்கும் பஞ்சு தடித்திருக்க வேண்டாம். இந்நகரின் தட்பவெப்பத்துக்கு மெல்லிய பருத்தி விரிப்போ, நன்றாக உழைத்து மெதுவாகிவிட்ட பருத்திப் படுக்கைவிரிப்போ போதும். மழைக்கால இரவுக்கும், ஊருக்குப் போகும் இரவு ரயிலுக்கும் அந்தக் கனமே பொருத்தமானது.

மிளகுக் கொடி அலங்காரம்

முதலில் பழகுவோர் வழக்கமாகத் தைப்பது, ஒன்றையொன்று வெட்டாமல் வளைந்து வளைந்து செல்லும் கோட்டு அலங்காரம். அதில் கை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எதை முயலலாம்? நம் வீட்டுச் சுற்றுப்புறமே ஒரு மாதிரியைத் தருகிறது. தென்னையிலும் பலாவிலும் பற்றிப் படரும் மிளகுக் கொடியைக் கவனியுங்கள். தண்டு வளைந்து செல்கிறது, கணுவுக்கு ஓர் இலையாக இடமும் வலமும் மாறி மாறி விடுகிறது, இலை ஏறத்தாழ இதய வடிவம், நடுவே நரம்பு.

இதைத் தையலாக மாற்றும் முறை இதுதான். தண்டை இரண்டு அங்குலம் வளைத்துக்கொண்டு போங்கள். நின்று, வலப்புறம் ஓர் இலையின் ஒரு பாதியை வரைந்து நுனியை அடையுங்கள். மறு பாதியை வரைந்து அடிக்குத் திரும்புங்கள். அடியிலிருந்து நடு நரம்பில் முக்கால் தூரம் சென்று, அதே கோட்டின்மேல் திரும்பி வாருங்கள். மறுபடி தண்டு; இப்போது இலை இடப்புறம். நூலை எங்கும் அறுக்காமல் போர்வை முழுவதையும் இவ்வாறே நிரப்பலாம். மிளகு மணிகள் தொங்கும் திரியையும் சேர்க்க ஆசை வரும். மணிமணியாகச் சிறு வட்டங்களைத் தைப்பது கடினமான வேலை. அதை இன்னொரு போர்வைக்கு ஒத்திவைப்பதே ஞானம்.

இலையின் அளவு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இருக்கட்டும். அலங்காரத்தைச் சிறுத்து நெருக்கினால் போர்வை அட்டை போல் விறைத்துப்போகும். உடம்பில் படிந்து சூடு தராது. ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகலமாகவும் தைத்தாலோ போர்வை உப்பியும் சுருங்கியும் கோணலாகும். இடைவெளி எங்கும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது, இலைகள் அழகாக அமைவதைவிட முக்கியம்.

முதலில் காகிதம், பின்பு துணி

புதிய அலங்காரத்தைக் கற்பது கண்ணல்ல, கை. அதைக் கற்பிக்கச் செலவில்லாத பள்ளிக்கூடம் காகிதம். பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்புறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலைத் தூக்காமல் ஒரு தாள் முழுவதையும் மிளகுக் கொடியால் நிரப்புங்கள். முதல் தாளில் மூலையில் அகப்பட்டு வழி தெரியாமல் நிற்பீர்கள். அங்கிருந்து வெளியேறும் வழி இரண்டு: வந்த தண்டின்மேலேயே திரும்பிச் செல்லலாம், அல்லது தாளின் ஓரத்தை ஒட்டி நழுவிச் செல்லலாம். இவ்வாறு பத்துத் தாள்கள் நிரம்பும்போது, அடுத்த இலை எங்கே என்று யோசிக்காமலே கை போகத் தொடங்கும்.

அதன்பின் பதினான்கு அங்குலச் சதுரமாக மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கிப் பரீட்சைத் துண்டுகள் இரண்டு அல்லது மூன்று செய்யுங்கள். போர்வைக்கு வைத்திருக்கும் அதே துணி, அதே பஞ்சு, அதே நூல் இவற்றிலும் இருக்க வேண்டும். வேறு பொருளில் பழகினால் நூலின் இறுக்கம் மாறிவிடும்.

இயந்திரத்தை ஆயத்தம் செய்தல்

1. பற்களை இறக்குங்கள். அவ்வசதி இல்லாத பழைய இயந்திரமானால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

2. கைப்போக்குத் தையலுக்கென்று உள்ள, சிறு வளையம் போன்ற பாதத்தைப் பொருத்துங்கள். தைக்குமுன் பாதத்தை இறக்கும் நெம்புகோலைக் கட்டாயம் இறக்க வேண்டும். இல்லையேல் மேல் நூலுக்கு இறுக்கம் இராது. அடியில் நூல் கூடுகட்டிவிடும்.

3. புதிய 14ஆம் எண் ஊசியையே போடுங்கள். மழுங்கிய ஊசி மூன்று அடுக்கில் தையலைத் தவறவிடும்.

4. போர்வையின் பாரம் தொங்கி இழுத்தால் ஊசி முறியும். இயந்திரத்தின் இடப்புறமும் பின்புறமும் மேசையோ நாற்காலியோ போட்டுப் பாரத்தைத் தாங்குங்கள்.

5. ரப்பர் புள்ளிகள் உள்ள பருத்திக் கையுறை அணிந்தால் துணி வழுக்காது. அழுத்திப் பிடிக்கும் சிரமமும் தோள் வலியும் குறையும்.

மின்மோட்டார் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. காலால் மிதிக்கும் இயந்திரம் மெதுவாகவே செல்லும். புதிதாய்ப் பழகுகிறவருக்கு அந்த நிதானமே துணை.

போர்வையின்மேல் ஊசி இறங்கும் நாள்

அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட நான்கு பக்கமும் மூன்று அங்குலம் பெரிதாக இருக்கட்டும். தரையில் அடித்துணியைச் சுருக்கமின்றி இழுத்து ஒட்டி, மேலே பஞ்சும் மேல்துணியும் விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்குகளைக் குத்துங்கள். இதில் சோம்பல் காட்டினால் பின்புறத்தில் மடிப்பு விழும்.

நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கித் தையுங்கள். முதல் தையலிலேயே அடிநூலை மேலே இழுத்து, இரு நூல்களையும் பிடித்துக்கொண்டு நாலைந்து சிறு தையல் போட்டு முடியிடுங்கள். நிறுத்தும்போதெல்லாம் ஊசி துணிக்குள் இறங்கியே இருக்கட்டும்; கையை இடம் மாற்றுவது அப்போது மட்டுமே. நுனியில் திரும்பும் இடத்தில் கால் ஓடிக்கொண்டிருக்கக் கை நின்றுவிட்டால் அங்கே முடிச்சு போல நூல் குவியும். வளைவில் கை பாய்ந்துவிட்டால் பின்புறத்தில் சிறு சிறு நூல் வளையங்கள் தோன்றும். ஆகையால் முதல் அரையடி தைத்தவுடன் போர்வையைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். குறையை அங்கேயே திருத்துவது எளிது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தோளை நிமிர்த்துங்கள்.

ஒரு சிறு கணக்கு

எத்தனை நாள் பரீட்சைத் துண்டிலேயே பழகுவது? எப்போது போர்வையில் இறங்குவது? இதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம்.

50க்கு 60 அங்குலப் போர்வையின் பரப்பு 3,000 சதுர அங்குலம். கோடுகளுக்கு நடுவே ஓர் அங்குல இடைவெளி என்று கொண்டால், தைக்கும் கோட்டின் மொத்த நீளம் ஏறத்தாழ 3,000 அங்குலம், அதாவது 76 மீட்டர். அங்குலத்துக்குப் பத்துத் தையல் வீதம் 30,000 தையல்கள். நிமிடத்துக்கு 500 தையல் என்று இடைவிடாது ஓட்டினால் ஒரு மணி நேர வேலைதான். கையை மாற்றுவதும், துணியைத் திருப்புவதும், அடிநூல் சுற்றுவதும் சேர்ந்து ஓரிரு நாள் ஆகும்.

இக்கணக்கு இரண்டு காரியங்களைக் கற்பிக்கிறது. முதல் சில இலைகள் கோணலாக இருந்தாலும், 30,000 தையல்களில் அவை சிறு பங்கே. போர்வையை விரித்துப் பார்ப்பவர் தனி இலையைக் காண்பதில்லை. முழுக் கொடியையே காண்கிறார். இரண்டாவது, பரீட்சைத் துண்டில் மட்டும் இருந்துகொண்டு எவரும் தேறுவதில்லை. கை நிதானம் பெறுவதற்கு வேண்டிய நீண்ட ஓட்டம் போர்வையில்தான் கிடைக்கிறது. பின்புறத்தில் நூல் வளையமில்லாமல் ஒரு பரீட்சைத் துண்டை முடித்துவிட்டால், அதுவே போர்வையில் இறங்கும் வேளை.

எதைப் பிரிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதிலும் தெளிவு தேவை. நூல் வளையங்கள், தவறிய தையல்கள், பின்புற மடிப்பு ஆகியவை போர்வையின் உறுதியைக் கெடுக்கும். அவற்றைப் பிரித்தே ஆக வேண்டும். இலை ஒன்று பெரிதாயிற்று, தண்டு கோணிற்று என்பவை பார்வைக் குறைகள் மட்டுமே; அவற்றை விட்டுவிடுங்கள். ஒருமுறை துவைத்துக் காய்ந்தவுடன் பருத்திப் பஞ்சு சற்றே சுருங்கிப் போர்வை முழுவதும் மென்மையான நெளிவு பெறும். அக்குறைகளில் பெரும்பாலானவை அதற்குள் மறைந்துவிடும். மழைக்காலத்தில் துவைத்தால் இரண்டு கொடிகளில் பாரத்தைப் பகிர்ந்து போட்டு, உள்பஞ்சு முற்றிலும் உலர்ந்த பிறகே மடித்து வையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்த போர்வையில் பூஞ்சை பிடிக்கும்.

கைவேலையின் விலை

கை தேறியபின் அக்கம்பக்கத்தார், "எனக்கும் ஒன்று தைத்துத் தாருங்கள்" என்பார்கள். அன்புக்காகக் கொடுப்பது ஒன்று. தொழிலாகச் செய்வது மற்றொன்று. தொழிலாகச் செய்யும்போது துணி, பஞ்சு, நூல் ஆகியவற்றின் விலையோடு, வெட்டியது, இணைத்தது, ஊக்குக் குத்தியது, தைத்தது, ஓரம் கட்டியது என ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கூலி கணக்கிடுங்கள். "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே" என்று பிறர் சொல்லலாம். நாமே அப்படிச் சொல்லலாகாது.

பெண்ணின் கைவேலைக்குக் கூலி உண்டு என்பதற்கு இந்த மண்ணிலேயே வலிமையான சான்று இருக்கிறது. இன்று தமிழ்நாட்டில் உள்ள நாகர்கோவில், 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியின்கீழ் இருந்தது. 1819இல் அங்கே வந்த லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு 'லேஸ்' பின்னும் தொழிலையும் கற்றுக்கொடுத்தார். ஊசிகள் குத்திய திண்டின்மேல் நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் அந்த வேலை, அப்பெண்களின் கைகளுக்கு முற்றிலும் புதியது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சம்பாதித்த கூலியைக் கொண்டு தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவனந்தபுரத்தில் அச்சங்கத்தின் பெயரை எல்.எம்.எஸ். சந்திப்பு இன்றும் தாங்கி நிற்கிறது. அவ்வழியே பேருந்தில் போகும் நாம், அறியாத பின்னல் ஒன்றைக் கற்கத் துணிந்த அப்பெண்களை நினைவுகூரலாம்.

அவர்கள் எதிர்கொண்ட நெருக்கம் இன்று நமக்கு இல்லை. ஆயினும் வாடகை வீட்டில், வேறு மொழி பேசும் ஊரில், வீட்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஒரு பெண் புதிய வேலையைக் கற்றுத் தேறுவது சிறிய காரியமன்று. அவளுடைய கையில் ஒரு தொழில் சேருகிறது. குடும்பத்துக்கு ஒரு துணை சேருகிறது.

ஆகவே சகோதரிகளே, பையில் கிடக்கும் துண்டுகளை இந்த வாரமே வெளியே எடுங்கள். காலண்டர் தாளில் கொடியை ஓடவிடுங்கள். போர்வையை முடித்தபின், அடித்துணியின் ஒரு மூலையில் உங்கள் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தைத்து வையுங்கள். பிற்காலத்தில் அதைப் போர்த்திக்கொள்ளும் பேரப்பிள்ளை, இது யாருடைய கைவேலை என்று அறிந்துகொள்ளட்டும்.